தபால் பெட்டியில் போட்ட பத்திரிகை

ஈப்போவில் என் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி போன மாதம் எனக்கு ஒரு காணொளி அனுப்பினாள். சத்தமும் கூட்டமும் பிறர் முகத்தில் வரும் சின்ன மாற்றமும் சிலரை மட்டும் அதிகமாகத் தாக்குமாம். அது குறையில்லை, வரமாம். "அண்ணே, இது அப்படியே நீங்கதான்லா" என்று கீழே எழுதியிருந்தாள். கைகூப்பும் படம் ஒன்றைப் பதிலாகப் போட்டுவிட்டு, கழிப்பறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். வரமாம். அதை என் பெரியப்பாவிடம் போய்ச் சொல்லிப் பார்க்கட்டும்.

பெரியப்பா, அப்பாவுக்கு ஒரே அண்ணன். சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் தாத்தா சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிட, பதினான்கு வயதில் பால்மரம் வெட்டக் கிளம்பி அப்பாவைப் பள்ளிக்கு அனுப்பியவர். அவர் எதிரில் அப்பா நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. தோட்டம் செம்பனைக்கு மாறி, தொழிலாளர் லயத்து வீடுகளை இடித்த பிறகு, பெரியப்பா அங்கேயே ஒரு தாமான் குடியிருப்பில் வீடு வாங்கிக்கொண்டார். நாங்கள் ஈப்போவுக்கு வந்துவிட்டோம்.

அக்காவின் கல்யாணத்துக்கு முதல் பத்திரிகை அவருக்குத்தான் என்பதில் பேச்சே இல்லை. தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், குங்குமம் வைத்து, மேலே பத்திரிகையை வைத்து, வீட்டுக்குள் போய் இரண்டு கையாலும் நீட்டி, வாயைத் திறந்து "வரணும்" என்று சொல்ல வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்புவது சும்மா தெரிந்தவர்களுக்கு. போனில் முன்கூட்டிச் சொல்வதைக்கூட அப்பா மரியாதைக் குறைவு என்பார். ஆனால் அந்தச் சமயம் அவருக்குச் சர்க்கரையால் காலில் புண். அம்மாவும் அவரை விட்டு நகர முடியாத நிலை. உறை மேல் தன் கையாலேயே 'அண்ணனுக்கு' என்று எழுதி என்னிடம் கொடுத்தார்.

"நீதான்டா எனக்குப் பதிலா. நானே போன மாதிரி போய்ட்டு வா."

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. சொல்ல வேண்டிய அந்த ஒரு வரியை மோட்டாரில் போகும்போது ஹெல்மெட்டுக்குள் எத்தனை தடவை சொல்லிப் பார்த்தேன் என்று எனக்கே தெரியாது.

பெரியப்பா வீட்டுக் கேட்டுக்குள் செருப்புகள் குவிந்து கிடந்தன. பேரப்பிள்ளைக்குப் பிறந்தநாள் போலிருக்கிறது. பலூன்கள் கட்டியிருந்தார்கள், யாரோ கரோக்கே மைக்கில் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். பன்னிரண்டு வயதில் இதே வீட்டில் என்னை நாற்காலி மேல் ஏற்றிப் பாடச் சொன்னார்கள். நான் அழுதுவிட்டேன். "பொம்பளப் புள்ள மாதிரி அழுவுது பாரு" என்று வீடே சிரித்தது. கெட்டவர்கள் இல்லை. அடுத்த நிமிடமே கேக் ஊட்டினார்கள், அதற்கடுத்த நிமிடம் மறந்தும் போனார்கள். மறக்கத் தெரியாத சனியன் நான் ஒருவன்தான்.

எதிர்ப்பக்கம் ஹெல்மெட்டைக் கழற்றாமல் நின்றேன். பிறகு கடைத்தெருவுக்குப் போய் ஒரு கோப்பி குடித்தேன். கூட்டம் கலைந்திருக்கும் என்று திரும்பி வந்தால் செருப்புகள் அதிகமாகியிருந்தன. கேட்டில் ஒரு தபால் பெட்டி. தண்ணீர் பில்லுக்கும் பொரித்த கோழி விளம்பரத்துக்கும் நடுவில் அக்காவின் பத்திரிகையைச் செருகிவிட்டு மோட்டாரை எடுத்தேன். வெற்றிலை பாக்கைக் கால்வாயில் போட்டேன். பழங்களைச் செம்பனைத் தோட்டத்து ஓரமாக நின்று நானே தின்றேன். நன்றாகத்தான் இனித்தன.

அப்பா வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"குடுத்தியா? அண்ணன் என்ன சொன்னாரு?"

"சந்தோசம்னு சொன்னாருப்பா."

"உக்கார வச்சாங்களா? குடிக்க ஏதாச்சும் குடுத்தாங்களா?"

"மைலோ குடுத்தாங்க."

அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. என் முதுகில் தட்டினார். என் வாழ்நாளில் அவர் என்னைப் பாராட்டியது அன்றைக்கு மட்டும்தான்.

கல்யாணத்துக்குப் பெரியப்பா வரவில்லை. மண்டப வாசலில் கால்கட்டோடு உட்கார்ந்து, தாலி கட்டும் நேரம்வரை அப்பா ரோட்டையே பார்த்தார். அண்ணனுக்கென்று தனியாக வாங்கிய மாலை பக்கத்து நாற்காலியில் கிடந்தது. கைப்பேசி என் சட்டைப் பையில்தான் இருந்தது. நான் சமையல்கட்டுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

மரியாதை தரவில்லை என்று பெரியப்பா சொன்னதாகப் பிறகு உறவுக்காரர்கள் வழியாகச் செய்தி வந்தது. எப்படித் தரவில்லை என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை; வெளியே சொன்னால் தனக்குத்தான் கேவலம் என்று நினைத்திருக்கிறார். அப்பா வேறு மாதிரி புரிந்துகொண்டார். "புண்ணு காலோட நான் எப்படிடா போறது? மவன அனுப்புனா அது மரியாத இல்லையா?" என்று என்னிடமே கேட்டார். நான் தலையாட்டினேன். ஆறு வருடம் தலையாட்டினேன். பக்கத்து அறையில் அம்மா மூச்சு விடுவதை வைத்தே அவள் அழுதாளா இல்லையா என்று சொல்லக்கூடியவன் நான். அப்படிப்பட்டவன் அப்பா ஒவ்வொரு தீபாவளிக்கும் வாசலைப் பார்த்ததைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். மென்மையான மனசு அடுத்தவனை நோகடிக்காது என்று யாராவது என்னிடம் வந்து சொன்னால் அறையத் தோன்றுகிறது.

போன வருடம் அப்பா இறந்தார். பெரியப்பா வந்தார். சவப்பெட்டியருகே குனிந்து அப்பாவின் கன்னத்தைத் தொட்டு, "வாசல் வரைக்கும் வந்தியேடா, உள்ள வந்திருக்கக் கூடாதா?" என்றார். துக்கத்தில் ஏதோ பேசுகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். எனக்கு மட்டும் புரிந்தது. உறை மேலிருந்த கையெழுத்தைப் பார்த்து, அப்பாவே வந்து போட்டுவிட்டுப் போனதாக நினைத்திருக்கிறார். நான் அசையாமல் நின்றேன். "பாவம், கூச்ச சுபாவம், வாய்விட்டு அழக்கூட வராது" என்று என் அத்தை யாரிடமோ சொன்னாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த வாரம் சுங்கை சிப்புட்டுக்குப் போனேன். கேட்டில் அதே தபால் பெட்டி. உள்ளே ஒரு ஜோடி செருப்புதான் கிடந்தது. பெரியப்பாவே வந்து கேட்டைத் திறந்தார். உட்காரும் முன்பே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். செருப்புகள், சிரிப்பு, பழம், மைலோ எல்லாவற்றையும்.

அவர் நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

"ஆறு வருசமா அவன் மேல கோவமா இருந்தேன். அவன் ஆஸ்பத்திரியில கெடந்தப்பகூட நான் வரல. இனி நான் யாருகிட்டடா போய் மன்னிப்புக் கேக்குறது?"

அவர் மெதுவாக எழுந்து சமையலறைப் பக்கம் நடந்தார்.

"உக்காரு. மைலோ குடிக்கிறியா?"

வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. கொண்டுவந்து கையில் கொடுத்தார். நாக்கு பொத்துப்போகும் சூடு. அவர் பார்த்துக்கொண்டிருந்ததால் அப்படியே குடித்தேன்.