மரியாதைக்கு ஒரு ‘ஷுட்’

அட்டைப்பெட்டி ஆலையில் இருபத்தாறு வருடமாக டைப்பிஸ்ட்டாக இருக்கிறவரை எல்லோரும் ‘மஸ்ட் சார்’ என்றுதான் கூப்பிடுவார்கள். கடிதம் அடிப்பது பிழைப்பு; உயிரெல்லாம் அறிவிப்புப் பலகை எழுதுவதில்தான்.

அவருடைய இங்கிலீஷ் இலக்கணம் சொந்தத் தயாரிப்பு. ‘நீ’க்கு மரியாதை ‘நீங்கள்’ என்றால், ‘மஸ்ட்’டுக்கு (must) மரியாதை ‘ஷுட்’ (should). பொருள் ஒன்றுதான், ஆள்தான் வேறு. ஆகவே கிடங்குக்குள் தொழிலாளிகள் ஹெல்மெட் போட ‘மஸ்ட்’, மேலாளர் போட ‘ஷுட்’. மேலாளரைப் போய் ‘மஸ்ட்’ என்பதா? நாக்கு கூசாதா? அவர் மனைவிக்கு இந்தத் தொல்லையே இல்லை. “குழாய் சரிபண்ணணும், காய் வாங்கணும்” என்று ஒரே ‘ணும்’மை வைத்து வீட்டையே ஓட்டிவிடுவாள். அது கட்டளையா, யோசனையா என்று கேட்கும் துணிச்சல் மஸ்ட் சாருக்கு இதுவரை வந்ததில்லை.

ஒருநாள் கிடங்கில் மேலாளர் தலையில் மேல்தட்டிலிருந்து ஒரு அட்டைக் கட்டு விழுந்தது. ஹெல்மெட் போடவில்லை, வாரிய முடி கலைந்துவிடுமே! எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம். தலைமை அலுவலகத்திலிருந்து விசாரணைக்கு வந்துவிட்டார்கள்.

“பலகையில எனக்கு ‘ஷுட்’னுதானே போட்டிருக்கு? ஷுட்னா வெறும் யோசனைங்க. கேட்டாலும் கேக்கலாம், விட்டாலும் விடலாம்” என்றார் மேலாளர்.

வந்தவர்கள் தலையாட்டினார்கள். ஷுட் என்றால் யோசனை மட்டுமே என்று குறிப்பில் ஏறியது. மேலாளர் கையெழுத்தும் போட்டார். அதை டைப் அடித்தவரும் மஸ்ட் சார்தான். இத்தனை வருட மரியாதை ஒரே வரியில் காற்றில் போனது அவருக்கு அவமானமாக இருந்தது. பழி யார் தலையிலாவது விழ வேண்டுமே. வீங்காத தலை அவருடையதுதான்.

“பொண்ணு படிப்பு முடிய இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு. என்ன ஆனாலும் நீங்க வேலையை விடக் கூடாது, சொல்லிட்டேன்” என்றாள் அன்றிரவு மனைவி.

மறுநாள் காலை மேலாளர் அவரை அழைத்து, அவர் முகத்தைப் பார்க்காமலே கடிதம் சொன்னார்: “பொறுப்பில்லாம பலகை எழுதினதுக்காக நீங்க ராஜினாமா பண்ணணும். இதை இங்கிலீஷ்ல அடிச்சிடுங்க.”

மஸ்ட் சாரின் விரல் நின்றது. “அந்த ‘ணும்’முக்கு என்ன சார் போடட்டும்? மஸ்ட்டா, ஷுட்டா?”

மேலாளர் நெஞ்சிலும் கொஞ்சம் ஈரம் இருந்தது. “இத்தனை வருஷம் இருந்திருக்கீங்க. மரியாதையா ‘ஷுட்’னே போடுங்க.”

அடித்தார். கையெழுத்து வாங்கினார். தன் மேஜைக்கு வந்து, தானே பிரித்துப் படித்துவிட்டுப் பதிலும் அடித்தார்: ‘தங்கள் யோசனைக்கு நன்றி. விசாரணைக் குறிப்பின்படி, யோசனையைக் கேட்டாலும் கேட்கலாம், விட்டாலும் விடலாம். நான் விட்டுவிட்டேன்.’ தலைமை அலுவலகத்துக்கும் ஒரு நகல் அனுப்பினார்.

பிறகு பெயின்ட் டப்பாவோடு கிடங்குக்குப் போய், மேலாளருக்கு எழுதியிருந்த ‘ஷுட்’டை அழித்துவிட்டு ‘மஸ்ட்’ என்று எழுதினார். எழுத்து கோணவில்லை.