முந்திக் காய்ச்சிய பால்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்கிறார்களே, அதைச் சொன்னவர் தன் வீட்டைக் கட்டி முடித்தாரா என்று யாராவது சொன்னதுண்டா? எழுபதுகளின் தொடக்கத்தில் எனக்கு அந்தச் சந்தேகம் வந்தது.

நல்லம்பள்ளிக்கு வெளியே மேட்டில் வரிசையாக வீடுகள் எழும்பின. எழும்பின என்றா சொன்னேன்? பாதியில் நின்றன. சிமெண்டுக்கு பர்மிட் வேண்டும். பர்மிட் கைக்கு வந்தால் கடையில் சிமெண்ட் இருக்காது. எங்கள் வீட்டுக்குச் சுவர் முடிந்துவிட்டது. மேலே தளம் இல்லை, வானம்தான்.

ஆனி முடியப் போகிறது. ஆடியில் புது வீடு புகக் கூடாது. நாங்கள் குடியிருந்த வீட்டுக்குச் சொந்தக்காரரான பாய், ஆவணியில் மகளுக்கு நிக்காஹ் வைத்திருந்தார்; அதற்கு அவருக்கு வீடு வேண்டும். கைக்குழந்தைக்கோ ஈரக்காற்று பட்டால் இளைப்பு.

"தளம் எப்ப வேணா வரட்டுங்க. நல்ல நாளு போனா வருமா? பாலக் காச்சிரலாம்" என்றாள் மனைவி.

காய்ச்சினோம். பால் கிழக்கே பொங்கி வழிந்தது. அத்தோடு நின்றோமா? முறை தவறக் கூடாதென்று மேஸ்திரிக்கும் ஆட்களுக்கும் வெற்றிலை பாக்கோடு வேட்டி துண்டும் கொடுத்தோம். வேலை முடிந்ததென்று கட்டடத்து ஆட்களை அனுப்பிவைக்கும் மரியாதை அது. அவர்களும் அப்படியே வாங்கிக்கொண்டு, மறுநாள் பெங்களூர் பக்கம் வேறு வேலைக்கு ரயிலேறிவிட்டார்கள்.

பால் காய்ச்சிய வீட்டை இருட்டில் விடக் கூடாதே. அந்தி சாய்ந்தால் மனைவி அகல் எடுத்துக்கொண்டு ஓடுவாள். ஆடிக்காற்றில் அம்மியே பறக்குமாம், அகல் நிற்குமா? அவள் ஏற்ற, காற்று அணைக்க.

ஒரு நாள் என் சைக்கிள் கடைக்கு பாய் வந்தார். "பாலு காச்சிட்டீங்களாமே தம்பி, ரொம்ப சந்தோசம். அப்ப நம்ம வூட்டுச் சாவி...?"

ஆடி மட்டும் போகட்டும் என்று தவணை கேட்டேன். ஆவணி பிறந்ததும் கீற்றைப் போட்டு மூடிக் குடிபோனோம். சிமெண்டும் வந்து சேர்ந்தது, ஆள்தான் இல்லை. வேறு மேஸ்திரியைக் கூப்பிட்டால், "ஒருத்தன் மரியாதை வாங்கின வூட்ல நான் கை வெக்கறதில்லீங்க" என்கிறார். மூட்டை இறுகினால் கல்தான். போகும்போதும் வரும்போதும் அமுக்கிப் பார்ப்பேன். நின்றால் வானத்தைப் பார்ப்பேன், உட்கார்ந்தால் குழந்தையின் நெஞ்சில் காது வைப்பேன்.

புரட்டாசியில் முதல் தூறல் விழுந்த மறுநாள், நாங்கள் கொடுத்த அதே வேட்டியில் பழைய மேஸ்திரி வந்து நின்றார். ஊருக்கு வந்தவர் எட்டிப் பார்த்தாராம்.

"ஏனுங்க, இன்னும் தளம் போடலீங்களா?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. மனைவி முந்திக்கொண்டாள். "உக்காருங்கண்ணா. மோரு தரட்டுங்களா? பாலக் காச்சுனா நீங்க கெளம்பிருவீங்க."

சிரித்துக்கொண்டே மோரை வாங்கியவர், கீற்று ஒழுகும் இடத்திலிருந்து தள்ளிக் கட்டிய தூளியைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. மூட்டை ஒன்றை முட்டியால் அழுத்தினார்.

"இன்னும் இறுகல. நாளைக்கே பலகை அடிச்சரலாம். தூளியப் பாய் வூட்டுக்கு மாத்திக்குங்க."

சொன்னபடி விடியும்போதே ஆட்களோடு வந்தார். தளம் போட்டு, ஈரம் காய்ந்து, பலகை பிரித்து, தூளியைத் திரும்பக் கட்டும்வரை எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அதுவரை அந்த வீட்டில் அவருக்கும் ஆட்களுக்கும் மோர்தான்.