குடைக்காரருக்குப் பின்னால்

பேத்தியின் கைபேசியில் ஏதோ உளவாளி நகைச்சுவைத் தொடர் ஓடுகிறது. அந்தத் துள்ளல் இசையைக் கேட்டதும் என் கண் கடிகாரத்துக்குப் போகிறது.

தொண்ணூறுகளில், வங்காளத்தில் டாலிகஞ்ச் குடியிருப்பில் இருந்தபோது, ஞாயிறுதோறும் அப்படியொரு தொடர் பார்ப்போம். குண்டு உளவாளி ஒருவன் குடைக்குள் ரேடியோவை ஒளித்து வைத்திருப்பான். வாரத்துக்கு மூன்று முறை பிடிபடுவான், மூன்று முறையும் தப்புவான். ஒருவருக்கும் கீறல்கூட விழாது. அந்த அரைமணி நேரம் நான்கூடக் கவலையை மறந்து சிரித்திருக்கிறேன். என் மகள் சுதா தரையில் உருண்டு சிரிப்பாள்.

ஒரு ஞாயிறு, தொடர் முடிந்ததும் ஏழு வயது சுதாவைக் காணவில்லை. தெருவில் கூவிக்கொண்டு போன குடை ரிப்பேர்காரருக்குப் பின்னால் அவள் பதுங்கிப் போனதாக மாடிவீட்டு வங்காளப் பெண்மணி சொன்னார். மனைவியை வாசலில் நிறுத்திவிட்டு ஓடினேன். மார்க்கெட்டில் இல்லை. டிராம் மணி ஒலிக்கும்போதெல்லாம் தண்டவாளப் பக்கம் ஓடிப் பார்த்தேன். கடைசியில் ஒரு டீக்கடைத் தூணுக்குப் பின்னால் அவளைக் கண்டேன். எதிரே அந்த மனிதர் குடைக்கம்பி மாட்டிக்கொண்டிருந்தார்.

"குனிங்கப்பா! அவர் பாத்துடப் போறார்."

"உன்னை எங்கெல்லாம்டி தேடறது? அம்மா வாசல்ல அழுதுண்டு நிக்கறா!"

சுதா நிஜமாகவே குழம்பிப்போனாள். "டிவில அந்த உளவாளியை அவன் வீட்ல யாருமே தேட மாட்டாளேப்பா?"

பேத்தி சிரிக்கிறாள். சுதா ஆபீசிலிருந்து வரும் நேரம் இன்னும் ஆகவில்லை. அதற்குள் இரண்டு முறை பால்கனிக்குப் போய்ப் பார்த்துவிட்டேன்.