பட்டப்பகலில் பாய் விரிக்கும் வீடு

மாநில எல்லையில் இருக்கும் வாளையாரில் லாரிக்காரர்களுக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்த ஒரு மெஸ் வியாபாரம் படுத்து மூடிக்கிடந்தது. அதைத்தான் வாடகைக்கு எடுத்தேன். வீடில்லாத இளவட்டங்கள் பகலில் அங்கே வரலாம். குளிக்கலாம், துணி துவைக்கலாம், போனுக்குச் சார்ஜ் போடலாம், ஒரு வேளை சாப்பிடலாம். அப்புறம் தூங்கலாம். இந்தக் கடைசி ஒன்றுதான் ஊருக்குப் பொறுக்கவில்லை.

குளித்தால் 'பாவம்' என்றார்கள். சாப்பிட்டால் 'உங்களுக்குப் புண்ணியம்' என்றார்கள். பாயை விரித்துப் படுத்தால் மட்டும் எல்லோருக்கும் வயிறு எரிந்தது. "கையும் காலும் நல்லாத்தான இருக்குது? பட்டப்பகல்ல கொறட்ட உட்டுட்டுக் கெடக்குதுங்க" என்று எதிர் பேக்கரியில் என் காதுபடவே பேசினார்கள். பஞ்சாயத்திலிருந்து வந்த ஒருவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் எட்டிப் பார்த்துவிட்டு மலையாளத்தில், "இதெந்தா, ஒறங்ஙான் ஒரு சென்டரோ?" என்றார். ஆமாம் சாரே, உறங்கத்தான். வயதானவர்களுக்கு ஊர் ஊராகப் பகல்வீடு கட்டி வைத்திருக்கிறீர்களே, அங்கே ஒரு கிழவர் கண்ணயர்ந்தால் போய்க் கேட்பீர்களா என்றேன். அதற்குள் அவருக்குப் போன் வந்தது, பேசிக்கொண்டே போய்விட்டார்.

கூத்து என்னவென்றால், இரவில் யாரையும் தங்கவைக்க எனக்கு அனுமதி இல்லை. கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம். சாயங்காலம் ஆறு மணிக்கு நானே எல்லோரையும் எழுப்பி வெளியே அனுப்பிக் கதவைப் பூட்ட வேண்டும். அதற்கப்புறம் அவர்கள் எங்கே போகிறார்கள் என்று பேக்கரியில் ஒருவரும் கேட்டதில்லை.

நான் எருத்தேன்பதிப் பக்கம் தோட்டங்காட்டில் பிறந்தவள். பகலில் படுப்பதைப் பற்றி எங்கள் ஆட்களுக்கு என்ன எண்ணம் என்று எனக்குத் தெரியாதா? காய்ச்சல் வந்தால்கூட உட்கார்ந்துகொண்டேதான் காய வேண்டும். பகலில் பாய் விரித்தால் மூதேவி வந்து கூடப் படுத்துக்கொள்வாளாம். இதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. நிலக்கடலை காய் பிடிக்கிற சமயத்தில் காட்டுப்பன்றிக்கு ராக்காவல் போவார்கள். காவலுக்குப் போனவர் விடிந்து வந்து படுத்துவிட்டால் அந்த வீட்டில் மத்தியானம் வரைக்கும் மிக்சி ஓடாது, டிவி பாடாது. குழந்தை சிணுங்கினால் தூக்கிக்கொண்டு வெளியே ஓடுவார்கள்.

கட்டடக்காரரும் அதே ஊர்தான். எனக்குப் பெரியப்பா மகன், அண்ணன் முறை. நல்ல மனிதர். ஆனால் யாராவது நான்கு பேர் சேர்ந்து சொன்னால் அதை அப்படியே நம்பிவிடுகிற நல்ல மனிதர். பேக்கரிக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். ஒருநாள் காலை பதினொரு மணிவாக்கில், வெள்ளை வேட்டியும் கோபமுமாக வந்து நின்றார்.

உள்ளே ஏழெட்டுப் பேர் படுத்திருந்தார்கள். பையன்கள் ஒரு பக்கம், நடுவில் துணித் தடுப்பு, அந்தப் பக்கம் பெண்கள்.

"ஏனம்மிணி, இதென்ன கண்றாவி? என்ற கட்டடத்துல சோம்பேறி மடம் நடத்தறயா?"

"மொதல்ல வாங்கண்ணா. உக்காருங்க, தண்ணி குடிங்க."

"தண்ணி கெடக்கட்டும். இந்தப் பாயெல்லாம் சுருட்டி எடு. நாலு தையல் மிசினு நானே வாங்கித் தாரேன். தைக்கப் பழகட்டும், பொழைக்கட்டும். அதுக்கு ஒத்துக்கலீன்னா இந்த மாசத்தோட சாவியக் குடுத்துரு. சொல்லிப்போட்டேன்."

எனக்குச் சுரீரென்றது. அந்தக் கட்டடம் போனால் அந்தச் சாலையில் எனக்கு வேறு யாரும் இடம் தரப்போவதில்லை, அதுவும் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டியிருக்கலாம். புத்திசாலிகள் அதைத்தான் செய்வார்கள்.

"மிசினு வேண்டாமுங்ணா," என்றேன். "தூங்காத கண்ணுல ஊசி கோத்தா வெரல்லதான் தைக்கும். பாயி போச்சுன்னா நானும் போறேனுங்க."

"எதுத்துப் பேசறயா?"

"ஆமாங்க."

இரண்டு பேர் குரலும் ஏறிவிட்டது. தடுப்புக்கு அந்தப் பக்கம் படுத்திருந்த ஒரு பெண் எழுந்து வந்தாள். பத்தொன்பது வயது. கண் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தது. மாட்டுப்பட்டிக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் பிறந்தவள். அவள் அம்மா கொழுந்து கிள்ளிய வரைக்கும் தொழிலாளர் லயத்தில் ஒரு வீடு இருந்தது. எஸ்டேட்டில் வேலை பார்க்கிறவருக்குத்தான் அந்த வீடு. அம்மா செத்தாள், வீட்டை ஒப்படைக்க வேண்டியதாயிற்று. கோயம்புத்தூரில் மில் வேலைக்குப் போனாள். வேலை போனபோது ஹாஸ்டலும் கூடவே போனது. இப்போது சாயங்காலத்திலிருந்து ஒரு ரோட்டோர ஓட்டலில் பாத்திரம் கழுவுகிறாள். ஒரு அறைக்கு அட்வான்ஸ் சேர்த்துக்கொண்டிருந்தாள். அது சேரும்வரை அவளுக்குத் தேவை இந்த ஒரு பாய்தான்.

அண்ணனுக்கு ஆள் கிடைத்துவிட்டது. "ஏம்புள்ள, பகலெல்லாம் இங்க படுத்துக் கெடக்கறியே, ராத்திரிக்கு என்ன பண்ணுவ?"

"ஓட்டல்ல பாத்திரம் கழுவுவேன், அண்ணாச்சி."

"கடை சாத்துனதுக்கப்பறம்?"

"பஸ் ஸ்டாண்டுல காவல் இருப்பேன்."

"காவலா? அங்க எதைக் காவல் காக்கற?"

"என்னையத்தான்."

எகத்தாளமாகச் சொல்லவில்லை அவள். கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். பெஞ்சில் உட்கார்ந்து பையை மடியில் கட்டிக்கொள்வாளாம். கண்ணை மூடினால் பக்கத்தில் யாராவது வந்து உட்கார்ந்துவிடுவார்களாம். "ஒரு நா அசந்துட்டேன் அண்ணாச்சி. ஒருத்தன் கை வச்சுட்டான். அதுலருந்து ஒரு பொட்டுக்கூடத் தூங்குதது இல்ல. விடிஞ்சதும் இங்க வந்துருவேன். அக்கா கதவத் தொறப்பாக."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் விடவில்லை. விடுகிற ஜாதகம் எனக்கு இல்லை.

"போன கடலைக்கு நீங்க காவலுக்குப் போயிட்டு வந்து படுத்திருக்கறப்ப, அண்ணி எங்களை வாசல்லயே நிறுத்திப்போட்டாங்க. பேசாதீங்க, காவலுக்குப் போயிட்டு வந்து தூங்கறாருன்னு. கடலையக் காவல் காத்தவரு பகல்ல தூங்கலாம். உசுரக் காவல் காத்தவ தூங்கக் கூடாதுங்களா? பன்னியாவது வெடிச் சத்தத்துக்கு ஓடிப்போயிருமுங்க. இவ எதைப் போட்டுத் தொரத்துவா?"

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு தடுப்புக்குள் போய்ப் படுத்துக்கொண்டாள். நாளைக்கு இந்தப் பாய் இருக்குமா என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அண்ணன் தண்ணீர்ச் சொம்பை எடுத்துக் குடித்தார். வாயைத் துடைத்தார். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே இறங்கினார்.

வெளியே பேக்கரி முன்னால் ஒரு சிமெண்ட் லாரிக்காரன், வழியில் நின்ற வண்டியை எடுக்கச் சொல்லி ஹாரனை அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான். அடிவயிறு அதிர்கிற சத்தம். அண்ணன் விறுவிறுவென்று ரோட்டுக்குப் போய் அந்த லாரியின் கதவைத் தட்டினார்.

"ஏப்பா, அறிவிருக்குதா உனக்கு? ஆரனை உடு. உள்ள காவலுக்குப் போயிட்டு வந்து ஆளுங்க தூங்கறாங்க!"

பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் மொத்தப் பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் யாரையும் பார்க்காமல் வண்டியேறிப் போய்விட்டார். அதற்கப்புறம் சாவிப் பேச்சே வரவில்லை. தையல் மிஷினும் வரவில்லை, நல்லதாகப் போயிற்று.

ஊர் திருந்திவிட்டதா என்று கேட்டால், எங்கே? அந்தப் பெண் பாலக்காட்டில் ஒரு அறை பிடித்துப் போய்விட்டாள். அவள் பாயில் இப்போது வேறொருத்தி படுத்திருக்கிறாள். ராத்திரி அனுமதிக்கு நான் இன்னும் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருக்கிறேன். பேக்கரியில் இன்னமும் பேசுகிறார்கள். பேசட்டும். கொஞ்சம் மெதுவாகப் பேசட்டும், உள்ளே தூங்குகிறார்கள்.