இருதயராஜின் இடது பக்கம்

ஆக்னஸும் நானும் ஒரே பாதுகாப்புத் துறை நிறுவனத்தில் வேலை பார்த்தோம். நான் ஆவணப் பிரிவு. அவர் வரைபடப் பிரிவில் ட்ரேசர். பொறியாளர் போட்ட வரைபடத்தின் மேல் மெல்லிய தாளை விரித்து, கோடு பிசகாமல் மையில் நகலெடுப்பது அவர் வேலை. கணினி வந்ததும் அந்த வேலை போயிற்று. ஓய்வு பெறும்வரை கோப்பு அடுக்க வைத்தார்கள். அதன் பிறகுதான் சைனிக்புரியில் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் நடக்கும் அச்சு ஓவியக் கூடத்தில் சேர்ந்தார். என்னையும் அவர்தான் இழுத்துவந்தார். எனக்கு வரையத் தெரியாது. யாருடைய படம் எத்தனை பிரதி அச்சானது, எது எங்கே போனது என்று எழுதிவைக்க அவர்களுக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது.

அங்கே துத்தநாகத் தகட்டில் மெழுகு பூசி, பூச்சை ஊசியால் கீறி வரைவார்கள். அமிலத்தில் வைத்தால் கீறிய இடம் மட்டும் அரித்துப் பள்ளமாகும். பள்ளத்தில் மை ஏற்றி, மீதியைத் துணியால் துடைத்துவிட்டு, ஈரத்தாளை வைத்துப் பிரஸ்ஸில் ஓட்டினால் படம் தாளில் இறங்கும், இடம் வலமாக மாறி. அதனால் முதலிலேயே திருப்பி வரைந்துகொள்வார்கள். பிரஸ்ஸின் சக்கரத்தை யாரும் சுற்றலாம். துடைப்பதை மட்டும் இன்னொருவர் கையில் கொடுப்பதில்லை. எவ்வளவு மையை விட்டுவைப்பது என்பதில்தான் படமே இருக்கிறது என்பார்கள்.

ஆக்னஸ் எப்போதும் தாளில் வரைந்து, அதைப் புரட்டித் தகட்டில் வைத்து நகலெடுப்பார். கணவர் இருதயராஜ் இறந்த மறு வருஷம், அவர் முகத்தை மட்டும் அப்படிச் செய்யவில்லை. போட்டோ, தாள் எதுவும் இல்லாமல் நினைவிலிருந்து நேராகத் தகட்டில் வரைந்தார். பக்கவாதத்தில் இடது பக்கம் வாய் தொங்கிப்போன முகம். மழைக்காலம் முழுக்க அதிலேயே போயிற்று. அதற்குள் வலது தோள் கெட்டுவிட்டது. டாக்டர் இந்த வேலையே வேண்டாம் என்றார். கூடம் வைக்கும் கண்காட்சிக்கு இதுதான் என் கடைசிப் படம் என்று ஆக்னஸ் எல்லோரிடமும் சொல்லிவிட்டார்.

முதல் தாளைப் பிரஸ்ஸிலிருந்து உரித்தெடுத்தவர் இர்பான். வாணியம்பாடிக் குடும்பம், பிறந்து வளர்ந்தது இங்கே, இந்தத் தெலுங்கு ஊரில், ஐ.டி. வேலைக்கு நடுவில் கூடத்துக்கு வந்துபோகிறவர்.

"சூப்பரா வந்திருக்குக்கா."

அம்மாவை அழைத்துப்போக வந்திருந்த மகள் ரோஸ்லின் எட்டிப்பார்த்தாள். அவள் தமிழில் தெலுங்கு கலந்துதான் வரும்.

"மம்மி, டாடிக்கு லெஃப்ட் சைட் கதா? இதுல ரைட் இருக்கு."

ஆக்னஸ் தாளைப் பார்த்தார். தகட்டைப் பார்த்தார். பிறகு ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார்.

"எதிர்ல உட்கார்ந்திருக்கிற மாதிரியே, திருப்பாம போட்டுட்டேன்," என்றார்.



"அதனால என்னக்கா," என்றார் இர்பான். "ஷேவ் பண்றப்ப கண்ணாடியில அண்ணன் தன்னை இப்படித்தானே பார்த்திருப்பாரு."

"அவருக்கு ஷேவ் பண்ணிவிட்டது நான்டா. கஞ்சி ஊட்டினதும் நான். எந்தப் பக்கம் ஒழுகும்னு எனக்குத் தெரியாதா?"

"எக்சிபிஷன்ல பார்க்கிறவங்களுக்கு என்ன தெரியப்போகுது?"

"நக்கோடா. விடு."

இர்பானைக் கேலி செய்யத்தான், 'வேண்டாம்' என்பதற்கு அவர் வீட்டில் சொல்லும் அந்த உருதுச் சொல்லை ஆக்னஸ் எடுப்பார். அன்று குரலில் கேலி இல்லை.

புதிதாக ஒரு தகடு வரையத் தோள் இடம் தராது. அது எங்களுக்கும் தெரியும். இர்பான்தான் மெதுவாகச் சொன்னார்: "சூட்டோட சூடா அச்சான தாள் மேலயே இன்னொரு தாளை வெச்சு ஓட்டினா மறுபடி திரும்பிடும். ஆனா பாதி மைதான்க்கா ஏறும்."

"ஏறின வரைக்கும் ஏறட்டும்."

நான் குறுக்கிட வேண்டியிருந்தது. தகட்டிலிருந்து நேராக எடுத்ததற்குத்தான் எங்கள் கூடத்தில் எண் போடுவோம். கண்காட்சிக்கும் அதுதான் போகும். அச்சிலிருந்து எடுத்த அச்சு கணக்கில் வராது. மனமில்லாமல்தான் சொன்னேன்.

"தெரியும் சார்," என்றார் ஆக்னஸ். "சுவர்ல மாட்ட மாட்டீங்க. அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்."

பேச்சில் முதல் தாள் காய்ந்துவிட்டிருந்தது. திரும்பவும் மை ஏற்ற வேண்டும். ஆக்னஸ் வலது கை வலிக்கும்போது இடது கையால் துடைத்தார். இடது கை சரிப்படாமல் மறுபடி வலது கைக்கு வந்தார். "நான் துடைக்கட்டுமாக்கா?" என்று இர்பான் கேட்டபோதும் துணியைக் கொடுக்காமல் துடைத்துக்கொண்டிருந்தார். முதல் ஓட்டம் முடிந்ததும் ஈரம் காயுமுன் புதுத் தாளை மேலே பரப்பினார். இர்பான் மறுபடி சக்கரத்தைச் சுற்றினார்.

வந்தது மிக மங்கல். தலைமுடியில் பாதி பதியவே இல்லை. ஆனால் வாய் தொங்கியது இடது பக்கம். ரோஸ்லின் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அவருதான்," என்றார் ஆக்னஸ்.

"இன்னொண்ணு எடுத்துரலாமாக்கா?"

அவர் துணியை எடுக்கக் கையை நீட்டினார். தோள் உயரத்துக்குக்கூடப் போகவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"போதும்பா."

கண்காட்சிப் பட்டியலிலிருந்து அவர் பெயரை அடித்து நீக்கினேன். அந்தத் தாளை இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்துக் கட்டிக் கொடுத்தேன். ஆட்டோவில் அதை மகள் மடியில் கிடத்தி, ஒரு ஓரத்தை ஆக்னஸ் இடது கையால் பிடித்துக்கொண்டார். வீடு இருக்கும் திருமுல்கேரி போகும்வரை பள்ளம் மேடு நிறைய இருக்கிறது, மெதுவாகப் போகச் சொல் என்று மகளிடம் சொன்னார். ரோஸ்லின் அதைத் தெலுங்கில் டிரைவரிடம் சொன்னாள்.