பெரியப்பாவின் ஒற்றைக்குழல் துப்பாக்கி

பெரியப்பா ஏன் இடது கையால் சாப்பிடுகிறார் என்று கேட்டுச் சிரிக்கிறீர்கள். இனி சிரிக்கக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

மிலிட்டரியிலிருந்து வந்ததும் உங்கள் பெரியப்பா, என் அண்ணன், ஸ்ரீபெரும்புதூரை அடுத்த வல்லம் பக்கம் ஏரி மதகடியில் ஒரு ஏக்கர் நஞ்சை வாங்கினார். சேரிக்காரன் மதகடியில் நிலம் வாங்கியது ஊர் மிராசுதாருக்குப் பொறுக்கவில்லை. கையை ஒடிப்பேன் என்று ஆள்விட்டுச் சொன்னார். அண்ணனிடம் லைசென்ஸ் உள்ள துப்பாக்கி இருந்தது. அதைக்கொண்டு அவர் யாரையும் சுட்டதில்லை. அது வயல் கொட்டகையில் தொங்கிய வரையில் ஒருவனும் எங்கள் வரப்பில் கால் வைக்கவில்லை.

தேர்தல் வந்தால் எல்லோரும் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். எமர்ஜென்சி முடிந்து வந்த தேர்தலிலும் ஒப்படைத்தோம். ஓட்டு எண்ணியதும் மிராசுதாரின் மூன்று துப்பாக்கிகளும் வீடு திரும்பின. அண்ணனுடையது வரவில்லை.

"உனக்கு எதுக்குடா? காக்கா சுடவா?" என்றார் ஏட்டு.

அப்போது மெட்ராஸிலிருந்து மனித உரிமைச் சங்கம் ஒன்று வந்து ஸ்ரீபெரும்புதூரில் கூட்டம் போட்டது. போலீஸிடம் அடிபட்டவர்களுக்காகக் கோர்ட்டுக்குப் போகிறவர்கள். நாங்கள் இருவரும் அவர்களுடைய வக்கீலைப் பார்த்தோம்.

"துப்பாக்கிக்காக நாங்க வாதாட மாட்டோம்யா. ஊருக்குள்ள துப்பாக்கி பெருகினா முதல்ல சாகறது உங்க ஜனங்கதான். யாராவது உங்களைத் தொட்டா சொல்லுங்க, அன்னைக்கே வரோம்."

"அப்போ அடி வாங்கினு வரணுமா சார்?" என்றார் அண்ணன்.

வக்கீல் தன் முகவரியை எழுதிக் கொடுத்தார். நல்ல மனிதர்தான். சொன்னதிலும் உண்மை உண்டு. ஆனால் ஊரில் துப்பாக்கி ஏற்கெனவே இருந்தது, மூன்றும் ஒரே வீட்டில். சட்டம் கொடுத்ததை ஒருவனிடம் மட்டும் பிடுங்கினால் அதுவும் அடிதான் என்று அவர் அன்றே வாதாடியிருக்கலாம்.

அறுப்பன்று பட்டப்பகலில் மிராசுதாரின் ஆட்கள் வந்தார்கள். அண்ணனைக் குப்புறத் தள்ளி, வலது கையை மதகுக் கல்லில் வைத்து, கடப்பாரையால் விரல் விரலாக நசுக்கினார்கள். அறுத்துக்கொண்டிருந்த நம் வீட்டுப் பெண்களை நிற்கவைத்துப் பார்க்கச் சொன்னார்கள்.

வக்கீல் சொன்னபடி அன்றே வந்தார். கையைப் போட்டோ எடுத்தார். கேஸ் நடத்தினார். கூலிக்கு வந்த ஆட்கள் ஜெயிலுக்குப் போனார்கள். மிராசுதார் போகவில்லை.

கேஸ் முடிந்ததும் துப்பாக்கியை எடுத்துப் போகலாம் என்று ஸ்டேஷனிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். ஏட்டு அதை வேண்டுமென்றே அண்ணனின் வலது பக்கமாக நீட்டினார். "வாங்கிக்கோ. இனிமே யாருக்கு இன்னா பயம்?" என்றார்.

வழியில் டீக்கடை பெஞ்சில் மிராசுதார் உட்கார்ந்திருந்தார். எங்களைக் கண்டதும் இரண்டு கைகளையும் மேலே தூக்கினார்.

"ஐயையோ, சுட்டுடாதடா!"

கடையே சிரித்தது. அந்த வருஷமே அண்ணன் நிலத்தை அவருக்கே விற்றார்.