ஆஷிமின் மூன்று ஹார்ன்கள்

நாரின் என்ற மலை நகரத்தின் சந்தையில் ரொட்டி விற்கும் புருல்ச்சாவிடம் டிரைவர் ஆஷிமைப் பற்றி யாரும் வாய் தவறியும் பேச்செடுக்கக் கூடாது. எடுத்தால் வாங்கிய ரொட்டி ஆறும் வரை விடமாட்டாள். அவள் சிறுமியாக இருந்தபோது டிவியில் வந்த தொடரின் நாயகன் அவன். ஆஷிம் தன் ஓட்டை லாரியில் கணவாய் ஏறி, பனியில் சிக்கியவர்களை மீட்டு வருவான். வீட்டு வாசலில் மூன்று முறை ஹார்ன் அடித்தால் அன்றைய கதை முடிந்தது.

தம்பி மெலிஸ் சாப்பாட்டுத் தட்டை ஸ்டீயரிங்காகப் பிடித்துக்கொண்டு வீடெல்லாம் ஓட்டுவான். தொடரின் கடைசி வாரம் ஆஷிமே பனிச்சரிவில் மாட்டிக்கொண்டான். தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கையில் கரண்ட் போய்விட்டது.

"செத்துட்டானா அக்கா?"

"கரண்ட்தான்டா போச்சு. அவன் வந்துருவான்."

வளர்ந்ததும் மெலிஸ் ரஷ்யாவுக்கு லாரி ஓட்டப் போனான். வேறு என்ன ஓட்டுவான்? அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்த பிறகு புருல்ச்சாவுக்கு அவனை விட்டால் நாதியில்லை. இந்தக் குளிர்காலத்தில் செல்போன் கடைக்காரர் அந்தக் கடைசிப் பகுதியை எப்படியோ தேடிப்பிடித்து அவள் போனில் ஏற்றிக் கொடுத்தார்.

"நான் வராம நீ மட்டும் பாத்த, பேசவே மாட்டேன்" என்றான் மெலிஸ் போனில். "பனி உருகுனதும் வர்றேன்."

"பெரிய ஆஷிம் இவரு. சரி, பாக்கல. முதல்ல வந்து சேருடா."

பனி உருகத் தொடங்கிய ஒரு காலையில் தாய்மாமன் ஓமுர்பேக் மூன்று பெரியவர்களோடு வந்து உட்கார்ந்தார். யாரும் ரொட்டியைப் பிட்கவில்லை. எங்கள் பக்கம் சாவை நேராகச் சொல்வதில்லை. பெரியவர்கள் வந்து, எதையோ பேசி, சுற்றி வளைத்துத்தான் அதற்கு வருவார்கள். புருல்ச்சா டீயை ஊற்றி வைத்தாள். அவர்கள் சொல்லி முடிக்கும் வரை மெலிஸ் உயிரோடுதான் இருக்கிறான்.

மாமா தொண்டையைச் செருமினார். "சின்ன வயசுல ஒரு தொடர் பாப்பீங்களேம்மா, ஆஷிம்னு. கடைசியில அவன் லாரி..."

"கரண்ட் போயிடுச்சு மாமா."

"இல்லம்மா, அந்தப் பனியில அவன்..."

"கரண்ட் போயிடுச்சுன்னு சொல்றேன்ல. யாரும் பாக்கல. டீ ஆறுது, குடிங்க."

மாமா தலையைக் குனிந்துகொண்டு அழ ஆரம்பித்தார். புருல்ச்சா போனை எடுத்தாள். மெலிஸ் இல்லாமல் பார்க்க மாட்டேன் என்று ஒத்துக்கொண்டிருந்தாள். அந்தக் கடைசிப் பகுதியை அழித்தாள்.